புங்க இலையில் கொப்புளம்

கேள்வி: எங்கள் தோட்டத்துச் சாளைக்கு முன்னால் 20 வருஷத்துப் புங்க மரம் நிற்கிறது. இந்த வருஷம் இலையெல்லாம் கொப்புளமாக இருக்கிறது. சில இலைகளில் விரல் மாதிரிப் புடைத்திருக்கிறது. மருந்துக் கடையில், “இது ஈரியோபைட் சிலந்தி, தென்னைக்கும் பரவும். மருந்து அடியுங்கள், இல்லாவிட்டால் வெட்டிவிடுங்கள்” என்கிறார்கள். பக்கத்திலேயே 60 தென்னை நிற்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி அருகே

பதில்: மரத்தை வெட்டிவிடாதீர்கள், அம்மிணி. மருந்தும் வேண்டாம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. அது ஈரியோபைட் சிலந்திதான். வலை பின்னும் சிலந்தி இல்லை, செடியில் சாறு உறிஞ்சும் மிகச் சின்ன உயிர். 1998-ல் கேரளத்தில் தென்பட்டு, அப்புறம் நம் தோப்புகளில் குரும்பையைச் சொறியாக்கிய தென்னைச் சிலந்திக்கு இது பங்காளி. ஆனால் அடுப்பு வேறு. புங்கனில் இருப்பது தென்னைக்குப் போகாது.

ஒரு கொப்புளத்தைப் பிளேடால் பிளந்து நல்ல லென்ஸில் பாருங்கள். வெளுத்த புழு மாதிரி, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளத்தில் நெளியும். மற்ற சிலந்திகளுக்கு எட்டுக் கால், இதற்கு நான்குதான். தளிர் இலையில் இது சாறு உறிஞ்சும்போது அந்த இடம் புடைத்து அறையாகிவிடுகிறது. இனம் பெருக்குவதும் அதற்குள்ளேதான். மேலே அடிக்கும் மருந்து உள்ளே சரியாகப் போய்ச் சேராது. போனாலும் புடைத்த இலை பழையபடி ஆகாது.

நான் வேளாண் துறையில் சேர்ந்த புதிதில், காங்கயம் பக்கம் ஒரு பெரியவர் இதே கொப்புளத்தைக் காட்டினார். மருந்து அடிக்கச் சொன்னதே நான்தான். மரம் பூத்திருந்த நேரம். கொப்புளம் ஒன்றுகூடக் குறையவில்லை. மறுநாள் மரத்தடியில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

உங்கள் வீட்டு உரைமருந்தில் மாசிக்காய் இருக்குமே, எடுத்துப் பாருங்கள். பேர்தான் காய். துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் மொட்டில் சின்னக் குளவி ஒன்று முட்டையிடும். உங்கள் இலைக் கொப்புளம் மாதிரியே, அதைச் சுற்றி மரம் வளர்த்த புடைப்புதான் அது. சிலதில் சின்ன ஓட்டை தெரியும், வளர்ந்த குளவி வெளியே போன வழி. ஓட்டை விழாத காயில்தான் துவர்ப்பு அதிகம். என் அம்மாயி சந்தையில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். அந்த ஊர்களில் இதைப் பறித்து விற்கிறார்கள்.

உங்கள் மரம் 20 வருஷம் வேர் ஊன்றியது. இலை கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். மாசி, பங்குனியில் பழைய இலை உதிர்ந்து தளிர் வரும்போது அந்தச் சருகைக் கூட்டி எரித்துவிடுங்கள். நாற்றங்கால் கன்று என்றால் மட்டும் விடக் கூடாது. கொப்புளம் வந்த இலையைக் கிள்ளி எடுத்துவிட்டு, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்.

விதைக்காகக் காய் பறிப்பீர்களா? தட்டைக் காய்க்குப் பதில் சுண்டைக்காய் மாதிரி உருண்டையாக வந்தால் அது வேறு பூச்சி, ஒரு சின்ன ஈ. அதில் விதை இருக்காது.

தென்னையைப் பற்றிக் கவலை இருந்தால் குரும்பையைப் பாருங்கள். காம்படி இதழ் ஓரத்தில் வெளுத்த முக்கோணத் திட்டு தெரிந்தால் உடனே எழுதுங்கள். அதற்கு வைத்தியம் தனி.