மொழி வகுப்பு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

மாலையில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். கலைத்திட்டம், பாடத்திட்டம், பாடநூல் எல்லாம் ஒன்றுதானே?
*வாசகி, தேவகோட்டை*

இல்லை. யாருக்கு, எதற்காக, எந்த வழியில் கற்பிக்கிறோம், கடைசியில் எப்படி மதிப்பிடுகிறோம் என்ற முழு ஏற்பாடும் கலைத்திட்டம். அதற்குள் எதை, எந்த வரிசையில், எத்தனை மணி நேரத்தில் சொல்லித்தருவது என்பது பாடத்திட்டம். பாடநூல் அதற்குத் துணைப்பொருள், அவ்வளவுதான். கடையில் ஒரு நூலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து நடத்தினால், வேறு யாருக்கோ போட்ட திட்டத்தை உங்கள் பிள்ளைகள் சுமக்க வேண்டிவரும். தனிவகுப்புகள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கானாடுகாத்தானில் பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டுபவர்கள், விடுதி ஊழியர்கள் என 12 பேருக்கு 40 மணி நேரம் ஆங்கிலம் கற்றுத்தரச் சொல்கிறார்கள். இலக்கணத்தில் தொடங்குவதா, உரையாடலிலா?
*வாசகர், கானாடுகாத்தான்*

அவர்கள் செய்யும் வேலையில் தொடங்குங்கள். வகுப்புக்கு முன்னால் ஒரு நாள் அவர்கள் பக்கத்திலேயே இருந்து, விருந்தாளிகள் என்ன கேட்கிறார்கள், இவர்கள் எங்கே வாயடைத்து நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைத்தான் தேவைப் பகுப்பாய்வு என்கிறோம். வரவேற்பில் இருப்பவருக்கு அறை, வண்டி, பணம் பற்றிய பேச்சு வேண்டும். பரிமாறுபவருக்குக் காரம், அசைவம், ஒவ்வாமை. வழிகாட்டிக்கு முகப்பிலிருந்து வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) வரை வீட்டை விளக்கும் பேச்சு.

பிறகு மணிக்கணக்கு. 40 மணி இருக்கிறது என்று 40 மணிக்கும் புதுப்பாடம் வைக்காதீர்கள். படித்ததைத் திரும்பப் புழங்க 8 மணி, மதிப்பீட்டுக்கு 2 மணி ஒதுக்கினால் மிச்சம் 30. மணிக்கு 8 புதுச்சொல் என்றாலே 240 ஆகிவிடும். அதற்கு மேல் திணித்தால் காதுக்குப் புரியும், வாயில் வராது.

அடுத்து, பாடங்களை எதை வைத்து அடுக்குவது? நிகழ்காலம், இறந்தகாலம் என்று இலக்கணத்தால் அடுக்குவது பழைய வழக்கம். வரவேற்பது, வழி சொல்வது, மறுப்பது, மன்னிப்புக் கேட்பது என மொழியால் செய்யும் காரியங்களை அலகாக வைக்கலாம் என்று மொழியியல் அறிஞர் டேவிட் வில்கின்ஸ் 1976இல் ஒரு நூலில் விரித்து எழுதினார். உங்கள் வகுப்புக்கு அதுதான் பொருந்தும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒரே காரியத்தை இரண்டு சொல்லிலும் முடிக்கலாம், நீண்ட வாக்கியத்திலும் முடிக்கலாம். எதை முதலில் வைப்பது என்று அந்தப் பட்டியல் சொல்லாது. ஆகவே ஒரு காரியத்துக்கு ஒரே வாக்கிய வார்ப்புக் கொடுங்கள். தூணைக் காட்டி, 'இட் இஸ் மேட் ஆஃப் பர்மா டீக்'. செயப்பாட்டுவினை விதியெல்லாம் வேண்டாம். மூன்றாம் நாள் அதே வார்ப்பைத் தரைக்கல்லுக்கும், இரண்டாம் வாரம் சுவரின் சுண்ணாம்புப் பூச்சுக்கும் கொண்டுவாருங்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டுவது சுருள்முறை.

பயிற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் வண்ணத் தரைக்கல்) செய்வதை நான்கு படமாக்குங்கள்: கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றுவது, உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவுவது, ஈரக் கலவை வைத்து அழுத்துவது, தண்ணீரில் ஊறவைப்பது. ஒருவரிடம் வரிசையாக, எதிரில் இருப்பவரிடம் கலைத்துக் கொடுங்கள். முதலாமவர் ஆங்கிலத்தில் சொல்ல, மற்றவர் அடுக்க வேண்டும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாததால் பேசியே தீர வேண்டிய இதுதான் தகவல் இடைவெளிப் பணி. பெங்களூர், சென்னைப் பக்கத்துப் பள்ளிகளில் 1979 முதல் 1984 வரை பணிவழிக் கற்பித்தலை, அதாவது இப்படி வேலை கொடுத்தே மொழி கற்பிப்பதை, நடத்திப் பார்த்த மொழிக் கல்வி அறிஞர் என்.எஸ். பிரபு, யோசித்து விடை காணும் பணிகளையே கூடுதலாக மதித்தார். வரவேற்பு ஊழியருக்கு அப்படி ஒன்று: விருந்தாளிக்கு மதுரையில் மாலை 6 மணி விமானம், நடுவில் பிள்ளையார்பட்டியும் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பச் சொல்வது?

இந்தப் பணிகள் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். தேவையான சொல்லைக் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுத்தால் எல்லாரும் தமிழில் பேசி முடித்துவிடுவார்கள். முதல் 10 நிமிடம் 'ஃபர்ஸ்ட்', 'தென்', 'ஆஃப்டர் தட்' என்பவற்றையும் நான்கு வினைச்சொற்களையும் வாய்விட்டுச் சொல்லவையுங்கள், அப்புறம் படத்தைக் கொடுங்கள்.

சான்றிதழில் ஏ2, பி1 என்று போடுகிறார்களே, என்ன அது?
*வாசகர், காரைக்குடி*

மொழித்திறனை அளக்க ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகத்தின் ஆறு படிகள்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. எத்தனை பாடம் முடித்தார் என்பதை விட்டு, அந்த மொழியில் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்கும் அளவு இது. கேம்பிரிட்ஜ் தேர்வமைப்பின் உத்தேசக் கணக்குப்படி, அடியிலிருந்து தொடங்கி ஏ2 எட்ட 180 முதல் 200 மணி, பி1 எட்ட 350 முதல் 400 மணி வகுப்பு வேண்டும். 40 மணியில் 'சரளமான ஆங்கிலம்' என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கோலாலம்பூரிலிருந்து 9 வயதுப் பேரன் ஆறு வாரம் வருகிறான். தமிழ் சொன்னால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான். அ, ஆ-விலிருந்து எழுதவைக்கவா?
*ஓர் ஆச்சி, பள்ளத்தூர்*

வேண்டாம் ஆச்சி, முதல் இரண்டு வாரம் பேச்சு மட்டும். புரிகிறவனுக்குக் கேட்டல் திறன் இருக்கிறது, வர வேண்டியது பேசும் திறன். 'பால் பணியாரம் வேணுமா?' என்று கேட்டால் தலையாட்டித் தப்பித்துவிடுவான். 'பால் பணியாரமா, கந்தரப்பமா?' என்று கேளுங்கள், ஒரு சொல்லாவது வந்தாக வேண்டும். தப்பாகச் சொன்னால் நிறுத்தித் திருத்தாமல், சரியான வடிவத்தை உங்கள் பதிலில் சேர்த்துச் சொல்லுங்கள். 'நான் நேத்து போறேன்' என்றால், 'ஓ, நேத்து போனியா, யாரோட?'

மூன்றாம் வாரம் எழுத்து, நாளுக்கு 20 நிமிடம். நெடுங்கணக்கு வரிசை தேவையில்லை. ட, ப, ம, ர நான்கோடு புள்ளியையும் காட்டினால் அன்றைக்கே படம், மரம், பட்டம் என்று வாசித்துவிடுவான். 247ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். மெய்யும் துணைக்குறிகளும் பிடிபட்டால் பெரும்பாலானவை தாமே வரும். கு, சு, டு, மு போன்ற உகர, ஊகார வரிசைகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறவை. அவற்றைக் கடைசியில் வைத்து, நாளுக்கு மூன்றுக்கு மேல் போகாதீர்கள். ன, ண இரண்டையும் ஒரே நாளில் காட்டினால் குழப்பிக்கொள்வான், நான்கைந்து நாள் இடைவெளி விடுங்கள்.