படித்த பெண்கள்கூட ஒப்பந்தக் கல்யாணக் கதைகளை ஏன் விழுந்து விழுந்து படிக்கிறார்கள்?

கேள்வியில் "படித்த பெண்கள்கூட" என்று போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டில் மனைவியோ அக்காவோ ராத்திரி பதினோரு மணிக்குப் போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்திருப்பார். நீங்கள் எட்டிப் பார்த்திருப்பீர்கள். சரிதானே?

இந்தக் கதைகளில் தாத்தாவின் உயில், தம்பியின் ஆபரேஷன் செலவு, இப்படி ஏதோ ஒரு காரணம் இருக்கும். ஒரு வருஷத்துக்கு மட்டும் கணவன் மனைவி என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள், கடைசியில் பிரிய மனம் வராது. முடிவு முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிந்துதான் படிக்கிறோம்.

எனக்கு 1996-ல் கோவில்பட்டியில் கல்யாணம். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் அப்பா நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளில் நீல மையில் எழுதினார். 15 பவுன், பித்தளை அண்டா ஒன்று, ஸ்டீல் பீரோ, மாப்பிள்ளைக்கு வாட்ச். (வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. எங்கள் தெருவுக்குத் தகவல் வரவில்லை.) அந்தத் தாளில் என் பெயர் மேலே ஒரு இடத்தில் மட்டும் இருந்தது. அப்போது தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, ஒரு ஆபீஸில் மாதம் 900 ரூபாய்க்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவேனா என்று யாரும் கேட்கவில்லை. போக மாட்டேன் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள்.

அந்த 15 பவுனில் இரட்டை வடச் சங்கிலி ஒன்று. நாத்தனார் ஒரு வளைகாப்புக்குப் போட்டுக்கொண்டு தருகிறேன் என்று வாங்கிப் போனார். அந்தக் குழந்தை இப்போது இன்ஜினியரிங் முடித்துவிட்டது. சங்கிலி இன்னும் வரவில்லை. சரி, அதை விடுங்கள்.

புகுந்த வீட்டுத் தெருமுனையில் ஒரு வாடகை நூலகம். மேல் தட்டில் காலேஜ் பிள்ளைகளுக்கான மில்ஸ் அண்ட் பூன் இங்கிலீஷ் காதல் நாவல்கள், கீழே நமக்கு மாத நாவல்களும், வாரப் பத்திரிகையில் வந்த தொடர்களைக் கிழித்து பைண்ட் பண்ணின புத்தகங்களும். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய். அப்படி எடுத்து வந்த ஒன்றில் கதாநாயகி அவனுக்கு எதிரே உட்கார்ந்து, "நான் வேலைக்குப் போவேன். இது முதல் நிபந்தனை" என்கிறாள். அவன் பேனாவை எடுத்து எழுதிக்கொள்கிறான். அவ்வளவுதான். காதலும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதுதான் என் பதில். நிபந்தனை இல்லாத கல்யாணம் ஏது? நம் வீடுகளில் அதைப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிடுகிறார்கள். கதையில் அவளிடம் கேட்கிறார்கள், அவளும் வாய் திறந்து சொல்கிறாள். கட்டிலுக்கு நடுவே தலையணை வைத்துப் படுக்கிறார்களே, அதைக் கேலி செய்யாதீர்கள். தாலி கட்டிவிட்டதாலேயே எல்லாம் தனக்குச் சொந்தம் என்று நினைக்காத ஆளைப் பார்க்க எங்களுக்கு அந்தத் தலையணை வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் ஒரு பெண் காதலித்தால் சாதி, அப்பா, அண்ணன் என்று வரிசையாக எத்தனை பேருக்குப் பயப்பட வேண்டும்! இந்தக் கதையில் தாலி முதலில் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் நிதானமாகக் காதலிக்கலாம், கேட்பார் கிடையாது.

"ஆணாதிக்கத்தை ரசிக்கிறீர்கள்" என்று கீழே ஒருவர் வருவார். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடத்தி வந்து தாலி கட்டுவது, கன்னத்தில் அறைந்துவிட்டு அதுதான் காதல் என்பது, அது ஆன்ட்டி ஹீரோ கதை. வேறு கடைச் சரக்கு. அதை நான் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவேன். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

சட்டம் தெரியாமல் படிக்கிறோம் என்றும் நினைக்க வேண்டாம். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, நூற்றுக்கணக்கில் ஹெச்.எம்.ஓ.பி., அதாவது விவாகரத்து மாதிரியான இந்து திருமண வழக்கு மனுக்கள், அடித்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மட்டும் கல்யாணம் என்று பத்திரத்தில் எழுதினால் கோர்ட்டில் அது செல்லாது. இந்து திருமணச் சட்டம் 14-ம் பிரிவுப்படி, தனி அனுமதி வாங்கினால் தவிர, முதல் வருஷத்துக்குள் விவாகரத்து மனுவே போட முடியாது. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதற்கும் ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். "ஆறே மாசத்தில் டைவர்ஸ்" என்று ஹீரோ சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவேன்.

பால் பொங்கின அன்று ராத்திரி இவரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏங்க, எனக்கும் ஒரு நிபந்தனை இருக்கு. நான் வேலைக்குப் போகணும்." இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. பிறகு நானாகத்தான் போனேன். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ரிட்டயர் ஆன பிறகு காபி அவர்தான் போடுகிறார்.

இப்போது போனில் தொடராகப் படிக்கிறேன். நேற்று காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"நாற்பது அத்தியாயம் ஆச்சு, தலையணை இன்னும் நடுவுலதான் இருக்கா?"

"அவ அம்மாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.