கைது, சிறை, கொள்ளைநோய்: டாக்டரிடம் கேளுங்கள்

சேலம் வாசகர்: டாக்டர், சிறையில இருந்து ஊருக்குக் கொள்ளைநோய் பரவும்னு சொல்றாங்களே, கைதிங்க உள்ளேயேதானே இருக்காங்க? அவங்களால ஊருக்கு எப்படித் தொற்று பரவும்?

சிறை கிட்டத்தட்ட பஸ் ஸ்டாண்டு மாதிரி. தினமும் புதிதாக ஆட்கள் வருகிறார்கள், சிலர் ஜாமீனில் போகிறார்கள், வார்டர்கள் ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறார்கள். சிகாகோவின் குக் கவுண்டி சிறையை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. மார்ச் மாதம் அந்தச் சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் எந்தெந்தப் பகுதிக்குத் திரும்பினார்கள் என்று பார்த்தார்கள். அவர்கள் அதிகம் திரும்பிய பகுதிகளில் கோவிடும் அதிகம். வறுமை, ஜன நெருக்கம், பொதுப் போக்குவரத்து எல்லாவற்றையும்விட இதுதான் தொற்று எண்ணிக்கையோடு வலுவாகப் பொருந்தியது. ஏப்ரல் 19 வரை சிகாகோவில் பதிவான தொற்றுகளில் 15.9 சதவீதம் இப்படிச் சிறைக்குள் ஆட்கள் வந்து போவதோடு தொடர்புள்ளவை என்பது அவர்கள் கணக்கு. ஒவ்வொரு நோயாளியாகத் தடம் பிடித்துச் சொன்னதல்ல; ஆனாலும் கிட்டத்தட்ட ஆறில் ஒன்று என்பது அலட்சியப்படுத்தக்கூடியதா?

மதுரை வாசகி: டெஸ்ட் எடுத்துத் தனியா வெச்சிட்டா போதாதா?

ஒழுங்காகச் செய்தால் பலன் உண்டு. கலிஃபோர்னியாவில் நடந்ததைக் கேளுங்கள். சீனோ சிறையில் தொற்று பரவியதால், அங்கிருந்த 121 பேரை 2020 மே கடைசியில் சான் குவென்டின் சிறைக்கு மாற்றினார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் பெரும்பாலானோருக்கு டெஸ்ட் எடுத்து மூன்று, நான்கு வாரம் ஆகியிருந்தது. அதுவரை கைதிகளில் ஒருவருக்கும் தொற்று இல்லாத சான் குவென்டினில் 2,200 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள். 28 கைதிகளும் ஒரு காவலரும் இறந்தார்கள். அங்கே பெரும்பாலான அறைகளுக்கு அடைத்த கதவு கிடையாது, கம்பிக் கதவுதான். காற்றை எப்படித் தனிமைப்படுத்துவது?

திருச்சி வாசகர்: அதுக்காக ஊரடங்கை மீறுறவங்களைச் சும்மா விடச் சொல்றீங்களா சார்?

இல்லை. அபராதம் போடுங்கள், வண்டியைப் பிடித்து வையுங்கள். கைது என்றால் என்னென்ன நடக்கும் தெரியுமா? ஜீப்பில் நெருக்கி ஏற்றி, ஸ்டேஷனில் உட்கார வைத்து, ஜி.எச்.சில் மெடிக்கல் எடுத்து, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, கிளைச் சிறையில் விடுவார்கள். ஐந்து இடம், இடத்துக்கு இடம் புது ஆட்கள். தெருவில் தனியாக நின்றவனைப் பிடித்து அத்தனை பேரோடும் சேர்க்கிறோம். இது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை.

கோவை வாசகர்: நெரிசலைக் குறைக்கக் கைதிங்களை வெளியே விட்டா நமக்கு என்ன பாதுகாப்பு?

நம் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே வராதவர்கள். 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், ஏழாண்டு வரை தண்டனைக்குரிய வழக்குகளில் யாரைப் பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடலாம் என்று பார்க்க மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைக்கச் சொன்னது. இரண்டாம் அலையில், 2021 மே மாதம், தேவையில்லாமல் கைதே செய்யாதீர்கள் என்று தன் 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பை நினைவூட்டியது. தொற்றைத் தடுக்க இந்த இரண்டாவதுதான் முக்கியம். விடுவிக்கிற வேகத்தில் புதிதாகப் பிடித்து அடைத்தால் நெரிசல் எப்படிக் குறையும்?

பெயர் வேண்டாம் என்ற வாசகி: என் வீட்டுக்காரர் வார்டர். வீட்ல மாமியாருக்குச் சுகர் இருக்கு. என்ன செய்யணும் டாக்டர்?

அம்மா, மாமியாருக்குத் தடுப்பூசி பாக்கி இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். பரவல் இருக்கிற காலத்தில் அவருக்கு ஜன்னல் உள்ள தனி அறை கொடுங்கள். கணவர் டியூட்டியில் என்95 மாஸ்க் போடட்டும். அவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனையும் செய்யுங்கள். சிறைகளில் காசநோய் வெளியைவிடப் பல மடங்கு அதிகம்.