எந்தத் தேதியை எழுதுவது? டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாள், தேதி பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே சேர்த்துத் தருகிறோம்.

எங்கள் பள்ளிக் கரும்பலகையில் தினமும் 'வரலாற்றில் இன்று' எழுதுகிறோம். எங்கோ நடந்தவைதான் வருகின்றன. காவிரிப் பாசன ஊர்களுக்கென்று தனியாகத் தொகுக்க வேண்டும். எப்படித் தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, பாபநாசம்

366 அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். பிப்ரவரி 29-க்கும் ஓர் அட்டை வேண்டும். ஒவ்வொன்றிலும் நாள், ஆண்டு, ஊர், நடந்தது என்ன என்று ஒரே வாக்கியம். அடுத்த வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: அது எதன் தேதி? அறிவித்ததா, கையெழுத்தானதா, அரசிதழில் வந்ததா, நடைமுறைக்கு வந்ததா, திறப்பு விழாவா? கடைசி வரியில், அந்தத் தேதியை எங்கே பார்த்தீர்கள் என்று குறியுங்கள்.

மயிலாடுதுறை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனி மாவட்டம் என்ற அறிவிப்பு வந்தது 2020 மார்ச் 24. மாவட்டம் தொடங்கி வைக்கப்பட்டது அதே ஆண்டு டிசம்பர் 28. இரண்டும் சரியான தேதிகளே. ஆனால் 'மாவட்டம் உதயமான நாள்' என்று மார்ச் அட்டையில் எழுதினால் தவறு. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது 1991 அக்டோபர் 18. திருவாரூர் 1997 ஜனவரி 1.

366-ஐயும் முதல் பருவத்திலேயே நிரப்ப முயலாதீர்கள். வலிந்து நிரப்பும்போதுதான் பிழைகள் நுழைகின்றன. நமக்குத் தானாகவே நிறையும் வாரங்கள் இருக்கின்றன. ஏப்ரல் கடைசி வாரத்தைப் பாருங்கள். 26-ஆம் தேதி சியாமா சாஸ்திரி திருவாரூரில் பிறந்த நாள் (1762). அதே தேதியில்தான் 1920-இல் கணித மேதை ராமானுஜன் சென்னையில் காலமானார். 28-ஆம் தேதி உ.வே.சாமிநாதையர் மறைந்த நாள் (1942). உத்தமதானபுரம் உங்கள் ஊருக்குப் பக்கம்தான், பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போகலாம். அதே 28-இல், 1930-ஆம் ஆண்டு, உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி உப்பு எடுத்தார்கள். விடுமுறை தொடங்கிவிடும் வாரம் என்பதால் இவற்றை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

ராமானுஜன் அட்டையில் ஒரு கவனம். 1887 டிசம்பர் 22-இல் அவர் பிறந்தது ஈரோட்டில். வளர்ந்ததும் நகர உயர்நிலைப் பள்ளியில் படித்ததும் கும்பகோணத்தில். 'கும்பகோணத்தில் பிறந்தார்' என்று எழுதும் பலகைகள் இன்னும் இருக்கின்றன.

கிழமையைச் சரிபார்த்தால் பாதிப் பிழைகள் அங்கேயே சிக்கிவிடும். 1901 முதல் 2099 வரை 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை நாள்காட்டி அப்படியே திரும்பும். 1930-உடன் 28-ஐ மூன்று முறை கூட்டினால் 2014. கைப்பேசியில் 2014 ஏப்ரல் 30-ஐப் பாருங்கள்: புதன். ஆகவே 1930 ஏப்ரல் 30-உம் புதன்தான். 1900-ஐத் தாண்டிப் பின்னே போனால் இந்தக் கணக்கு ஒரு நாள் பிசகும், ஏனென்றால் 1900 லீப் ஆண்டு அல்ல. ராமானுஜன் பிறந்த 1887-உடன் 28 கூட்டினால் 1915. அந்த ஆண்டு டிசம்பர் 22 புதன். அதனுடன் ஒரு நாள் சேர்த்தால் வியாழன். அவர் பிறந்தது வியாழக்கிழமைதான்.

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக நாள் என்று ஒரு மேடையில் ஏப்ரல் 13 என்கிறார்கள், இன்னொன்றில் 28, மற்றொன்றில் 30. எது சரி?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

மூன்றும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று கட்டங்கள். ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டது 1930 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. அன்று தமிழ்ப் புத்தாண்டு. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, உங்கள் ஊர் என்று சுமார் 150 மைல் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். சட்டத்தை மீறி உப்பு எடுத்தது 30-ஆம் தேதி காலை. ராஜாஜி கைதானதும் அன்றுதான்.

சத்தியாகிரக நாள் என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் 30. ஆனால் டெல்டாக்காரர்கள் நடுவில் இருக்கும் அந்த இரண்டு வாரங்களை விட்டுவிடக் கூடாது என்பது எங்கள் கருத்து. தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 157-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். அதையும் மீறி வழியெங்கும் ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள். அந்தத் துணிவுக்கு 30-ஆம் தேதி அட்டையில் இடமில்லை. உங்கள் ஊரில் விழா எடுப்பதானால் ஏப்ரல் 13-இல் தொடங்கி 30-இல் முடியுங்கள்.

அந்த ஆண்டு புத்தாண்டு 13-இல் வந்திருக்கிறதே, இப்போது 14 ஆயிற்றே என்று கேட்பார்கள். நம் சூரிய ஆண்டு, ஆங்கில ஆண்டைவிடச் சுமார் இருபது நிமிடம் நீளம். அதனால் ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகும்.

தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6 என்று படிக்கிறோம். ஆராதனை மட்டும் ஏன் வருடத்துக்கு ஒரு தேதியில்?
– வாசகி, திருவையாறு

அவர் சித்தியடைந்தது பராபவ வருடம், புஷ்ய மாதம், தேய்பிறைப் பஞ்சமி. ஆராதனை அந்தத் திதியைப் பின்பற்றுகிறது. ஜனவரி 6 என்பது அந்த ஒரு வருடத்தில் அந்தத் திதி விழுந்த ஆங்கிலத் தேதி, அவ்வளவே.

பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாள். ஆங்கில ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. எனவே ஆராதனை வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்று சேர்ந்து, ஒரேயடியாகப் பின்னே தள்ளும். 2023-இல் ஜனவரி 11-இல் வந்தது, அந்த ஆண்டு நடுவில் அதிக மாதம் வந்ததால் அடுத்த முறை 2024 ஜனவரி 30-க்குப் போனது. 2025-இல் மறுபடி முன்னே வந்து ஜனவரி 18.

பயணச் சீட்டு எடுப்பவர்கள் பழைய வருடத்துத் தேதியிலிருந்து குத்துமதிப்பாகக் கணக்கிட்டு ஏமாறுவது இங்கேதான். பெரும்பாலும் தையில் வரும் புஷ்ய மாதப் பௌர்ணமியைப் பார்த்து ஐந்து நாள் தள்ளிக் குறித்துக்கொண்டு, பஞ்சாங்கத்தில் பஞ்சமி எந்தச் சூரிய உதயத்தில் நிற்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மார்கழிக் கடைசியிலேயே அந்தப் பௌர்ணமி வந்துவிடும் ஆண்டுகளும் உண்டு.

முத்துசுவாமி தீட்சிதருக்கும் இதே வழிதான். 1835 அக்டோபர் 21-இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அன்று நரக சதுர்த்தசி, அதனால் தீபாவளியன்றே அவரை நினைக்கிறோம்.

பெரிய கோயில் கட்டி முடித்த தேதி என்று ஒன்று சொல்ல முடியுமா? சதய விழா அன்றுதான் முடிந்ததா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

சதய விழாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐப்பசிச் சதயம் ராஜராஜன் பிறந்த நட்சத்திரம். பிறந்த ஆண்டு கல்வெட்டில் இல்லை, நட்சத்திரம் மட்டுமே. ராஜேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை.

கோயிலைப் பொறுத்தவரை கல்வெட்டு துல்லியமாகவே பேசுகிறது. விமானத்து உச்சியில் வைக்கச் செப்புக் குடத்தை மன்னர் கொடுத்தது அவருடைய ஆட்சியின் 25-ஆம் ஆண்டு, 275-ஆம் நாள். இதை நாம் அறிந்த ஆண்டுக்கு மாற்ற, அவர் பட்டம் ஏறிய நாள் வேண்டும். கல்வெட்டுகளில் உள்ள நட்சத்திரம், திதி, கிழமை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட ஜெர்மன் அறிஞர் கீல்ஹார்ன், 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடைப்பட்ட ஒரு நாள் என்று வரையறுத்தார்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில். 985-உடன் 25-ஐக் கூட்டி, 25-ஆம் ஆண்டு 1010-இல் தொடங்கியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பட்டம் ஏறிய நாளிலேயே முதலாம் ஆண்டு தொடங்கிவிடுகிறது. எனவே கூட்ட வேண்டியது 24. இருபத்தைந்தாம் ஆண்டு தொடங்கியது 1009 கோடையில். அங்கிருந்து 275-ஆம் நாளை எண்ணினால், 1010 மார்ச் 26-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே வந்து நிற்கும். இது பழைய ஜூலியன் கணக்கு. இன்றைய நாள்காட்டிக்கு ஆறு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆக, ஒரே தேதி சொல்ல முடியாது, ஒரு மாத இடைவெளியைச் சொல்லலாம். ஆயிரமாவது ஆண்டு விழா 2010 செப்டம்பரில் நடந்தது. அது விழாவுக்குத் தேர்ந்த நாள், கல்வெட்டு நாள் அல்ல.

மதபோதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. ஆனால் அதே காலத்து ஆங்கிலேயர் ஆவணங்களோடு ஒப்பிட்டால் நாள்கள் பொருந்தவே மாட்டேன் என்கின்றன.
– வாசகர், பொறையாறு

பொருந்தாது. தரங்கம்பாடி அப்போது டேனியர் கையில் இருந்தது. டென்மார்க் 1700-இலேயே புதிய நாள்காட்டிக்கு மாறிவிட்டது. ஆங்கிலேயர்கள் மாறியது 1752-இல்; அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. இடைப்பட்ட காலத்தில் இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். தரங்கம்பாடிக் கோட்டையில் ஜூலை 9 என்று எழுதிய அதே நாளில், சென்னைக் கோட்டையில் ஜூன் 28 என்று எழுதினார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலேயர்களுக்கு அப்போது ஆண்டு பிறப்பது மார்ச் 25-இல். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதக் கடிதம் என்றால் ஆண்டையும் ஒருமுறை சரிபாருங்கள். இந்தக் கடற்கரையில் டேனியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என எல்லோரும் இருந்திருக்கிறார்கள். தேதிக்குப் பக்கத்தில் யாருடைய ஏடு என்றும் எழுதிவைத்தால் பின்னால் வருபவர்கள் திண்டாட மாட்டார்கள்.

காவிரி வழக்கு தொடர்பான தேதிகள் எல்லாம் குழம்புகின்றன. வரிசையாகத் தாருங்கள்.
– விவசாயி, கும்பகோணம்

பிப்ரவரி மாதத்தைத் தனியே வைத்துக்கொண்டால் பெரும்பகுதி அடங்கிவிடும். 1892 பிப்ரவரி 18, மைசூர்–சென்னை முதல் ஒப்பந்தம். 1924 பிப்ரவரி 18, இரண்டாம் ஒப்பந்தம். இரண்டும் ஒரே தேதி என்பதால் ஆண்டு மாறிப்போகிறது. கிருஷ்ணராஜ சாகர், மேட்டூர் இரண்டு அணைகளுக்கும் வழி செய்தது 1924-இல் வந்ததுதான். 2007 பிப்ரவரி 5, நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு. 2013 பிப்ரவரி 19, அது மத்திய அரசிதழில் வந்த நாள். 2018 பிப்ரவரி 16, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கர்நாடகம் எல்லை நீரளவு நிலையமான பிலிகுண்டுலுவில் தர வேண்டிய 192 டி.எம்.சி. அன்று 177.25 ஆகக் குறைந்தது.

பிப்ரவரிக்கு வெளியே இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நடுவர் மன்றம் அமைந்த 1990 ஜூன் 2, இடைக்கால உத்தரவு வந்த 1991 ஜூன் 25.

தீர்ப்பு வந்ததற்கும் அரசிதழில் வந்ததற்கும் இடையில் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. சட்டப்படி தீர்ப்புக்கு வலு வருவது அரசிதழ் வெளியீட்டில்தான். ஆகவே 2013-ஐ வெறும் காகித வேலை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஊருக்குப் பிப்ரவரி 18 இன்னொரு காரணத்துக்காகவும் நினைவிருக்கும். 1992 மகாமக நெரிசலில் பலர் உயிரிழந்ததும் அந்தத் தேதியில்தான்.

மேட்டூர் அணை பிறந்தநாள் ஜூன் 12 தானே?
– வாசகர், நீடாமங்கலம்

இல்லை. அணை திறக்கப்பட்டது 1934 ஆகஸ்ட் 21. ஜூன் 12 என்பது குறுவைக்குத் தண்ணீர் விடும் வழக்கமான நாள், ஜனவரி 28 அடைக்கும் நாள். அணையில் இருப்பைப் பொறுத்து இது மாறும். 2022-இல் மே 24-இலேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது.

கஜா புயல் நவம்பர் 15 இரவு அடித்தது. காலண்டரில் 16 என்று போடுகிறார்களே?
– தென்னை விவசாயி, பேராவூரணி

நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி. நம் வழக்கில் விடியும் வரை அது வியாழன் இரவுதான், அதனால் 15 என்று மனத்தில் பதிந்திருக்கிறது. எழுதும்போது '15 இரவு, 16 அதிகாலை' என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். நள்ளிரவை ஒட்டிய எந்த நிகழ்ச்சிக்கும் மணி நேரம் சேர்ப்பது நல்லது.

டிசம்பர் 25-க்கு உள்ளூர் நிகழ்வாகக் கீழ்வெண்மணியை எழுதலாமா? பண்டிகை நாளாயிற்றே என்கிறார்கள்.
– நூலகர், கீழ்வேளூர்

எழுத வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, குடிசை ஒன்றில் தஞ்சம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் பின்னணியையும் ஒரு வரி சேருங்கள், இல்லாவிட்டால் தீ விபத்து என்று படிப்பவர் எண்ணிவிடுவார். மாவட்டம் என்ற இடத்தில் 'அன்றைய தஞ்சாவூர், இன்றைய நாகப்பட்டினம்' என்று போடுங்கள்.

மறுநாள் அட்டை 2004 சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தது அதே ஆண்டு ஜூலை 16. இத்தகைய அட்டைகளுக்கு 'இன்றைய சிறப்பு' என்ற தலைப்பு வேண்டாம், 'நினைவுநாள்' போதும்.

காரைக்காலுக்கு விடுதலை நாள் எது?
– வாசகி, திருநள்ளாறு

நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியா கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. அதற்கு முன் அக்டோபர் 18-இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று, சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16. விடுதலை நாள் என்றால் நவம்பர் 1 என்றே எழுதுங்கள்.

ஆடிப்பெருக்கு சில வருடம் ஆகஸ்ட் 2, சில வருடம் 3. ஏன்?
– வாசகி, திருக்காட்டுப்பள்ளி

சூரியன் கடகத்தில் நுழையும் நேரம் ஒவ்வோர் ஆண்டும் சுமார் ஆறு மணி நேரம் தள்ளிப்போகும். சூரிய அஸ்தமனத்துக்கு முன் நுழைந்தால் அன்றே ஆடி 1, பின் நுழைந்தால் மறுநாள். அந்த ஒரு நாள்தான் பதினெட்டிலும் தெரிகிறது.