பத்தாம் வகுப்பில் ஜிபிஏ 2.67: இனி என்ன செய்யலாம்?

அன்புள்ள ஐயா,

நாங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். மகன் இப்போதுதான் பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறான். இரண்டு வருட ஜிபிஏ (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) 2.67. ஜியாமெட்ரி இரண்டாம் செமஸ்டரில் 'டி'. கெட்டிக்காரன்தான், ஆனால் ஹோம்வொர்க்கை உரிய நாளில் கொடுக்கவே மாட்டான். "இனி ஒன்றும் தேறாது" என்கிறார் கணவர். எஸ்ஏடி நுழைவுத் தேர்வுக் கோச்சிங்கில் சேர்த்து நல்ல ஸ்கோர் வாங்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள் என் தோழி. பதினொன்றில் ஐந்து ஏபி (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) எடுத்தால்தான் கல்லூரிகள் திரும்பிப் பார்க்கும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூவர் பேச்சையும் தள்ளி வையுங்கள். கணக்கைப் பார்ப்போம்.

ஆறு பாடம், வருடத்துக்கு இரண்டு செமஸ்டர் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு கிரேடு. ஏ-வுக்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1. உங்கள் மகனின் 2.67 என்பது 24 கிரேடுகளில் 64 புள்ளி. ஒன்பதாம் வகுப்பில் 31, பத்தில் 33 என்று வைத்துக்கொள்வோம். பதினொன்றில் எட்டு ஏ, நான்கு பி வாங்கினால் 44 புள்ளி. மூன்று வருடமும் சேர்த்து 108, அதை 36-ஆல் வகுத்தால் சரியாக 3.0. பன்னிரண்டின் முதல் செமஸ்டரில் ஐந்து ஏ, ஒரு பி வாங்கினாலும் 3.12-தான் வரும். கணவர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது: பழைய கிரேடுகளின் பாரம் சராசரியை எழ விடாது.

ஆனால் எல்லாக் கல்லூரியும் இந்தச் சராசரியை எடுப்பதில்லை. யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) தன் ஜிபிஏ-வைத் தானே கணக்கிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்று முடிந்த கோடை வரை எடுத்த 'ஏ முதல் ஜி' பாடங்கள் (சேர்க்கைக்கு யூசி கேட்கும் ஏழு பாடப் பிரிவுகள், கிரேடு அல்ல) மட்டுமே அதில் சேரும். ஒன்பதில் அந்தப் பாடங்களை எடுத்து முடித்தானா என்று பார்ப்பார்கள், கிரேடு கணக்கில் வராது. சிஎஸ்யுவிலும் (கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம்) இதே முறைதான். அவன் எடுத்தவை எல்லாம் 'ஏ முதல் ஜி' பாடங்கள் என்றால், பத்தின் 33, பதினொன்றின் 44, மொத்தம் 77, வகுத்தல் 24: ஜிபிஏ 3.21.

இனி அந்த 'டி'. யூசியில் 'சி'-க்குக் குறைவான கிரேடு அந்தப் பாடத் தேவையை நிறைவு செய்யாது. ஆனால் டி, எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தால் புதிய கிரேடு பழையதன் இடத்துக்கு வந்துவிடும். இந்தக் கோடையிலேயே எடுத்து பி வாங்கினால் 77 என்பது 79 ஆகிறது, ஜிபிஏ 3.29. சி வாங்கிய பாடங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. திரும்ப எடுத்தாலும் முதல் கிரேடுதான் நிற்கும், அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆன்லைனில் எடுப்பதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் அந்த வகுப்பு 'ஏ முதல் ஜி' அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத வகுப்பில் ஏ வாங்கினாலும் யூசிக்கு அது கணக்கில்லை. கவுன்சிலரிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பள்ளியின் டிரான்ஸ்கிரிப்டில் புது கிரேடு மட்டும் நிற்குமா, இரண்டுமே தெரியுமா? பள்ளிக்குப் பள்ளி மாறும். விண்ணப்பத்தில் இரண்டையும் காட்டித்தான் ஆக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்கு யூசியின் குறைந்தபட்சத் தகுதி 3.0, சிஎஸ்யுவுக்கு 2.5. வாசல் திறந்திருக்கிறது என்பதற்கு மேல் இதற்குப் பொருள் இல்லை. 3.29-ஐ வைத்துக்கொண்டு பெர்க்லிக்கு ஆசைப்பட வேண்டாம். மெர்செட், ரிவர்சைட் ஆகிய யூசி வளாகங்களும் பல சிஎஸ்யு வளாகங்களும் நியாயமான இலக்கு. அங்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற துறைகளுக்குப் போட்டி கடுமை.

தோழியின் யோசனையில் ஓட்டை இருக்கிறது. யூசி, சிஎஸ்யு இரண்டுமே சேர்க்கை முடிவில் எஸ்ஏடியைப் பார்ப்பதில்லை. வெளி மாநில, தனியார் கல்லூரிகள் சில பார்க்கின்றன, எம்ஐடி 2022-இல் மறுபடியும் கட்டாயமாக்கியது. ஆனால் 2.67-க்குப் பக்கத்தில் 1500 நின்றால், 'மூளை இருக்கிறது, உழைப்பு இல்லை' என்றுதான் படிப்பார்கள். கிரேடு ஏறத் தொடங்கிய பிறகு எழுதட்டும், அப்போது அதுவும் கை கொடுக்கும்.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஹோம்வொர்க் விஷயம்தான் என் கண்ணுக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பாடத்தின் ஹோம்வொர்க் பிரிவில் பத்து வேலைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதில் 90 வாங்கி ஒன்றைக் கொடுக்காமல் விட்டால் அந்தப் பிரிவின் சராசரி 81. இரண்டை விட்டால் 72. ஏ வாங்கத் தெரிந்த பையன் சி-யில் நிற்பான். அதே ஒன்றைத் தாமதமாகக் கொடுத்து, பாதி மதிப்பெண்ணாக 45 வாங்கியிருந்தாலும் சராசரி 85.5. பூஜ்ஜியத்துக்கும் 45-க்கும் நடுவில் இருக்கும் தூரம் 90-க்கும் 100-க்கும் நடுவில் இல்லை. பையன்கள் இதை நம்ப மாட்டார்கள். அவனையே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. பள்ளியின் கிரேடு தளத்தில் ஆசிரியர் இன்னும் மதிப்பெண் போடாத வேலை வெறும் கோடாக நிற்கும், பல தளங்களில் சராசரியில் சேராது. மேலே 91 என்று பளிச்சென்று தெரியும். செமஸ்டர் முடிவில் ஆசிரியர் அந்தக் கோடுகளையெல்லாம் பூஜ்ஜியமாக மாற்றும்போது 91 ஒரே இரவில் 76 ஆகிவிடும். "போன வாரம் ஏ இருந்ததே!" என்ற கூக்குரல் பெரும்பாலும் இப்படி வருவதுதான். ஆகவே மேலே தெரியும் எண்ணைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு பாடத்தையும் திறந்து கோடுகளையும் 'மிஸ்ஸிங்' என்று குறித்தவற்றையும் எண்ணுங்கள். ஞாயிறு மாலை இருபது நிமிடம் போதும், அவன் பக்கத்தில் உட்கார்ந்து. அந்த இருபது நிமிடத்தில் அறிவுரை கூடாது.

செமஸ்டரின் முதல் வாரத்தில் ஆசிரியர் தரும் சிலபஸில் எதற்கு எத்தனை சதவீதம் என்று இருக்கும். ஹோம்வொர்க்குக்கு 25 என்றால் மேலே சொன்ன கணக்கு பலமாக வேலை செய்யும். தேர்வுக்கே 80 என்றால் ஹோம்வொர்க்கை ஒழுங்காகக் கொடுத்தாலும் கிரேடு அவ்வளவாக அசையாது. அங்கே திரும்ப எழுத விடும் தேர்வுகளில்தான் புள்ளி கிடைக்கும். பலர் பழைய தாளைத் திறந்துகூடப் பார்க்காமல் மறுதேர்வுக்குப் போய் அதே தப்பைச் செய்வார்கள். தப்பான கேள்வி ஒவ்வொன்றையும் புதுத் தாளில் முழுதாகப் போட்டு ஆசிரியரிடம் காட்டிவிட்டுப் போகட்டும். ஆசிரியருக்கு மெயிலும் அவனே எழுத வேண்டும்: எது பாக்கி, எதை இன்னும் கொடுக்கலாம், எதைத் திரும்ப எழுதலாம். அம்மா எழுதிய மெயிலுக்கு மரியாதையான பதில் வரும், மாணவன் எழுதினால் பல நேரம் சலுகையே வரும்.

முடித்த வேலையைக்கூடப் பையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் வருகிறான் என்றால் அதைச் சோம்பல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கவனக்குறைபாட்டுக் கோளாறாக (ஏடிஎச்டி) இருக்கலாம். பள்ளிக்கு எழுத்து மூலம் மதிப்பீடு கேளுங்கள். 1973-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவின்படி கூடுதல் நேரம், வேலைகளைப் பிரித்துக் கொடுத்தல் போன்ற ஏற்பாடுகளைப் பள்ளி செய்ய வேண்டிவரும்.

ஐந்து ஏபி தற்கொலைக்குச் சமம். யூசி கணக்கில் ஏபி பாடத்துக்கு ஒரு புள்ளி கூடுதல் உண்டு, பி வாங்கினால் 4 என்று எடுத்துக்கொள்வார்கள். டி-க்கு அந்தக் கூடுதல் கிடையாது. இதுவரை எந்தப் பாடத்தில் நன்றாகச் செய்திருக்கிறானோ அதில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கணித ஏபி இப்போது வேண்டாம். அடுத்து வரும் அல்ஜீப்ரா 2, ஜியாமெட்ரியைவிட அல்ஜீப்ரா 1-ஐத்தான் அதிகம் கேட்கும். காரணிப்படுத்தல், பின்னங்கள், அடுக்குகள் இவற்றில் தடுமாறுகிறானா என்று கோடையிலேயே பார்த்துவிடுங்கள். தடுமாறினால் தினமும் அரை மணி நேரம், ஆறு வாரம்.

விண்ணப்ப நேரத்தில் பழைய கிரேடுகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். யூசி கவுன்சிலரின் கடிதத்தைக் கேட்பதில்லை, அவன் எழுதுவதுதான் எல்லாம். நான்கு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும், அவற்றில் ஒன்றையும் இந்த விளக்கத்துக்குச் செலவழிக்கக் கூடாது. கூடுதல் குறிப்புக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது, அதில் மூன்று வரி போதும்: "ஒன்பது, பத்து வகுப்புகளில் பல வேலைகளை முடித்தும் கொடுக்காமல் விட்டேன். கோடையில் ஜியாமெட்ரியைத் திரும்ப எடுத்தேன். பதினொன்றில் ஒரு வேலைகூடப் பாக்கியில்லை." ஆசிரியர் மேல் பழி, இல்லாத நோய், வருத்தப் பாட்டு எதுவும் வேண்டாம். கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால்தான் முதல் வாக்கியத்தை எழுதலாம்.

காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம்) வழியாகப் போகும் கல்லூரிகளில் நவம்பர் தொடக்கத்து 'எர்லி' சுற்று வேண்டாம். அப்போது பன்னிரண்டின் கிரேடுகள் வந்திருக்காது. ஜனவரிச் சுற்றில் போட்டால் பள்ளி அனுப்பும் மிட்-இயர் ரிப்போர்ட் வழியாக முதல் செமஸ்டரும் அவர்கள் கைக்குப் போகும். ஏறிவரும் பையனுக்கு அது பெரிய ஆதாயம். யூசிக்கு நவம்பர் இறுதியிலேயே போட்டாக வேண்டும், அங்கே பதினொன்றோடு கணக்கு முடிந்தது. இடம் கிடைத்த பிறகு பன்னிரண்டில் டி விழுந்தால் அதை ரத்து செய்யும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

இதெல்லாம் பாதிதான் நடந்தது என்றாலும் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு ஆண்டுக் கல்லூரி) இருக்கிறது. சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அங்கே 60 யூனிட் முடித்து யூசிக்கு மாறும்போது அவர்கள் பார்ப்பது அந்தக் கிரேடுகளைத்தான், ஒன்பதாம் வகுப்பு அங்கே பேச்சுக்கே வராது. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள், சொன்ன நிபந்தனைகளை நிறைவு செய்தவருக்கு இடத்தை உறுதி செய்யும் 'டாக்' ஒப்பந்தம் தருகின்றன. மாறுவதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ இந்தத் திட்டத்தில் இல்லை, ஆனால் அங்கும் மாறிப் போகலாம்.

கோடை வகுப்புகளில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜியாமெட்ரிக்கு இந்த வாரமே பெயர் கொடுத்துவிடுங்கள்.