இரவில் சைக்கிள்: முன்விளக்கு வாங்குமுன் பின்விளக்கை வாங்குங்கள்

கேள்வி: எனக்கு 48 வயது. கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. இரவு ஒன்பதரைக்குக் கடை சாத்தியதும் தாராசுரத்துக்கு சைக்கிளில் வீடு திரும்புவேன். இருபது வருடப் பழக்கம். இப்போது எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. போன மாதம் ஒரு கார் பின்னாலிருந்து வந்து கையை உரசுவதுபோல் போய்விட்டது. வீட்டில் மொபெட் வாங்கச் சொல்கிறார்கள். எனக்கு சைக்கிளை விட மனசில்லை. நாளெல்லாம் நின்றபடி வேலை பார்க்கிற எனக்கு, அந்த இருபது நிமிஷம்தான் எனக்கென்று இருக்கிற நேரம். நல்ல முன்விளக்கு எதை வாங்கலாம்?

பதில்: சைக்கிளை விட வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்டது முன்விளக்கு, உங்களை உரச வந்ததோ பின்னாலிருந்து வந்த கார். அதனால் முதலில் பின்விளக்கு.

இரவில் சைக்கிள்காரருக்குப் பெரிய ஆபத்து, தனக்குப் பாதை தெரியாமல் போவதைவிடத் தான் பிறர் கண்ணில் படாமல் போவதுதான். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 4 மீட்டர். அதாவது அந்த வண்டி ஒவ்வொரு நொடியும் 12, 13 மீட்டர் உங்களை நெருங்குகிறது. தாழ்த்திய முகப்பு விளக்கில் கறுப்புச் சட்டைக்காரர் தெரிவது 30 மீட்டருக்குள் வந்த பிறகுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் இருப்பது இரண்டரை நொடிகூட இல்லை. அதில் அவர் உங்களைப் பார்த்து, புரிந்துகொண்டு, காலை பிரேக்குக்கு மாற்றவே ஒன்றரை நொடி போய்விடும். சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தால் நூறு இருநூறு மீட்டருக்கு முன்பே அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த விளக்கை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சீட்டுக்குக் கீழே குழாயில் மாட்டுவார்கள், கேரியரில் சாப்பாட்டுப் பையை வைத்ததும் விளக்கு மறைந்துவிடும். உங்கள் சைக்கிளில் கேரியரின் கடைசி கம்பியில் மாட்டுங்கள், அல்லது மட்கார்டில். நின்று எரியும்படி வையுங்கள். விட்டுவிட்டு எரிந்தால் கண்ணை இழுக்கும், உண்மைதான். ஆனால் இருட்டில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பின்னால் வருபவர் கணிப்பது கஷ்டம். சார்ஜ் தீர்ந்து போகிற நாளுக்காக, ஒளியைத் திருப்பி அடிக்கும் சிவப்பு ஸ்டிக்கரையும் பின் மட்கார்டில் ஒட்டிவிடுங்கள். லாரிக்கும் டிராக்டருக்கும் ஒட்டுவார்களே, அதேதான். துண்டாகவும் வெட்டித் தருவார்கள். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

பெடல்களிலும் பின்பக்கம் சிவப்புத் துண்டும் முன்பக்கம் வெள்ளைத் துண்டும் ஒட்டுங்கள். முடிந்தால் கணுக்காலில் கட்டும் ஒளிர்பட்டை ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். அசையாமல் மின்னும் புள்ளி மைல்கல்லாகவும் இருக்கலாம், வேலிக்கம்பமாகவும் இருக்கலாம். மேலும் கீழும் மாறி மாறிப் போகும் இரண்டு புள்ளிகளைப் பார்த்தால் ‘பெடல் மிதிக்கிற மனுஷன்’ என்று மூளை உடனே கண்டுகொள்ளும். பளிச்சென்ற பச்சை, ஆரஞ்சு பனியன்களை நம்பி ஏமாற வேண்டாம். அந்த நிறங்கள் பளிச்சிடுவது பகல் வெளிச்சத்தில்தான். இரவில் வேலை செய்வது அவற்றின் மேல் தைத்திருக்கும் வெள்ளிப்பட்டை மட்டுமே.

ஒட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். தெருவிளக்கு இல்லாத இடத்தில் வீட்டிலுள்ள ஒருவரை சைக்கிள் ஓட்டச் சொல்லிவிட்டு, ஐம்பது அறுபது தப்படி பின்னால் நில்லுங்கள். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். கையைக் கீழே தொங்கவிட்டுப் பிடித்தால் ஸ்டிக்கர் மங்கலாகத்தான் தெரியும். கண்ணருகே கொண்டுவந்ததும் குப்பென்று எரியும். ஒளி வந்த வழியே திரும்பிப் போகும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஓட்டுநருக்கு உங்கள் சைக்கிள் எப்படித் தெரியும் என்பதை அப்போது உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சரி, முன்விளக்கு. தெருவிளக்கு உள்ள பாதைக்கு 100 லூமென் (விளக்கு தரும் ஒளியின் அளவு) போதும். இருட்டான பாதைக்கு 300, 400 வரை போகலாம், அதற்குமேல் தேவையில்லை. அந்தக் காலத்து டைனமோவில் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். பேட்டரி விளக்கில் அந்தத் தொல்லை இல்லை. வெளிச்சத்தின் நடுப்பகுதி ஆறேழு மீட்டர் தள்ளித் தரையில் விழும்படி சாய்த்து மாட்டுங்கள். நிமிர்த்தி வைத்தால் எதிரே வருபவருக்குக் கண் கூசும், நீங்கள் இப்போது படுகிற அதே அவஸ்தை.

அந்தக் கூச்சத்துக்கு வருகிறேன். எதிர் வண்டி நெருங்கும்போது அதன் விளக்கைப் பார்க்காமல், சாலையின் இடது ஓரத்து வெள்ளைக்கோட்டில் பார்வையை வைத்து வேகத்தைக் குறையுங்கள். கண்ணாடி போடுபவரானால் கீறல் விழுந்த, பிசுக்குப் பிடித்த கண்ணாடியே வெளிச்சத்தைச் சிதறடிக்கும். உங்கள் வயதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பு இல்லாத கூச்சம் புதிதாக வந்திருந்தாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, அது கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் எதிர் வண்டிகளின் எல்இடி விளக்கு மேல் போடாமல் கண் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை இருந்தால் விழித்திரையையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பாதையைப் பொறுத்தவரை, தஞ்சாவூர் மெயின் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் விரட்டும். ஆள் நடமாட்டமும் விளக்கும் உள்ள உள்தெருக்கள் வழியாக ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் லாபம்தான். குறுக்குவழி என்று ஆற்றங்கரைக்கோ வாய்க்கால் கரைக்கோ இறங்காதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மதகு இருட்டில் தெரியாது. மழைக்குப் பிறகு பாம்பும் வெளியே வரும். மெயின் ரோட்டில் போயே ஆக வேண்டிய இடத்தில் ஓரத்து மண்ணை ஒட்டி நெளிந்து நெளிந்து போகாமல், விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே நேர்கோட்டில் போங்கள். ஓரத்தில் ஒண்டினால்தான் நூலிழையில் முந்தலாம் என்று காருக்குத் தோன்றும்.

நம் பக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடையின்போது நெல்லைத் தார்ச்சாலையில் காயப்போட்டு, இரவில் குவித்துத் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் கருங்கல் வைப்பார்கள். திருவையாறு பக்கம் ஒரு தை மாத இரவில் அப்படிப்பட்ட கல் ஒன்றில் என் முன்சக்கரம் ஏறியது. தார்ப்பாயின் நிறமும் சாலையின் நிறமும் ஒன்றாக இருந்தன. கீழே விழுந்து முழங்கை தேய்ந்த பிறகுதான் கல்லைப் பார்த்தேன். என் விளக்கு நேரே தூரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது, சக்கரத்தின் முன் இருட்டு. ஆறேழு மீட்டர் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான். வைக்கோல் பரப்பிய இடத்தில் ஹேண்டில்பாரைத் திருப்பாமல், பிரேக் அழுத்தாமல் நேராக ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லரும் அந்த மாதங்களில் நிறைய வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு பிரச்சினை. பழைய சைக்கிளின் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. திருப்பத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து ஈரத்தை வழித்துவிட்டு, அப்புறம் அழுத்துங்கள். தீபாவளி சமயத்தில் வயலிலிருந்து பச்சைப் பூச்சிகள் விளக்கைத் தேடி மொய்க்கும். நிறமில்லாத சாதாரணக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டால் போதும்.

நாய் துரத்தினால் வேகமெடுக்க வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். பெரும்பாலும் அதன் எல்லை தாண்டியதும் நின்றுவிடும். கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்று இரவே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இருபது நிமிஷம் இனிமையாக இருக்க, டயரில் காற்று சரியாக இருக்கட்டும், செயினில் எண்ணெய் இருக்கட்டும். சத்தமில்லாமல் ஓடும் சைக்கிளில்தான் மழைக்காலத்துத் தவளைச் சத்தம் கேட்கும், பின்னால் நெருங்கும் வண்டியும் கேட்கும். காதில் பாட்டுக் கருவி மட்டும் வேண்டாம். உள்தெரு வழியை விடுமுறை நாளில் பகலில் ஒருமுறை ஓட்டி, வேகத்தடையும் பள்ளமும் எங்கெங்கே என்று பார்த்து வையுங்கள். அப்புறம் வீட்டில் பயப்படுகிறவர்களை ஒரு இரவு வாசலில் நிற்கச் சொல்லுங்கள். தெருமுனை திரும்பும்போதே உங்கள் விளக்கு அவர்களுக்குத் தெரியும்.