வாசகர் கேள்வி – பதில்: கிண்டிக் காட்டின் மேல் ட்ரோன் பறக்கவிடலாமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக 249 கிராம் எடையுள்ள ட்ரோன் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். 250 கிராமுக்குக் குறைவான ட்ரோனுக்கு எந்த அனுமதியும் வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கிண்டி தேசியப் பூங்காவின் மரங்கள் தெரிகின்றன. பூங்காவுக்குள் காலடி வைக்காமல், மாடியிலிருந்தே பறக்கவிட்டு மான்களைப் படம் எடுத்தால் தவறாகுமா? – வாசகி, வேளச்சேரி.

பதில்: தவறுதான். கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல; 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையுள்ளவை 'நானோ' வகையைச் சேர்ந்தவை, அவற்றை இயக்குவதற்கு விமானி சான்றிதழ் தேவையில்லை. ஆனால் அந்தச் சலுகை ரிமோட்டைப் பிடித்திருப்பவருக்குத்தானே தவிர, ட்ரோன் பறக்கும் இடத்துக்கு அல்ல. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரத்துக்குள் பறக்கலாம். 5 முதல் 8 கிலோமீட்டர் வரை மஞ்சள் மண்டலம் என்பதால், தரையை விட்டுக் கிளம்பவே வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசுதான் அனுமதி தர முடியும். வேளச்சேரியும் கிண்டியும் மீனம்பாக்கத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. போதாததற்கு, பூங்காவை ஒட்டியே ஆளுநர் மாளிகை இருக்கிறது. ஆகவே மான்களை மறந்துவிட்டு, உங்கள் மாடித் தோட்டத்தைப் படம் எடுப்பதானாலும் முதலில், எந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று காட்டும் அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' இணைய வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

இத்தனையும் வானத்துக்கான அனுமதி மட்டுமே. காட்டுக்கான அனுமதி வேறு. ஒன்றைப் பெற்றவர் மற்றதையும் பெற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ட்ரோனை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல என்றாலும், தேசியப் பூங்காவில் ஒளிப்படமோ திரைப்படமோ எடுப்பதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்றும், விலங்குகளைச் சீண்டக் கூடாது என்றும் அது தெளிவாகவே சொல்கிறது. 'வேட்டை' என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில், கொல்வதோடு விலங்கை விரட்டுவதும் அடங்கும் என்பதை மகனிடம் எடுத்துச் சொல்லுங்கள். காலடி வைக்கவில்லை என்ற வாதம் வீட்டு வரவேற்பறையில் எடுபடலாம். வனச்சரகரிடம் எடுபடும் என்று நான் நம்பவில்லை.

சட்டத்தைவிட மானின் நிலைமையை நினைத்தால் விஷயம் இன்னும் எளிதாகப் புரியும். கிண்டியின் வெளிமான்களுக்குத் தற்காப்பு என்பது ஓட்டம் ஒன்றுதான். திறந்த புல்வெளியில் மேய்ந்துகொண்டிருக்கும் மான், பழக்கமில்லாத ஒலி கேட்டதும் மேய்ச்சலை நிறுத்தித் தலையை உயர்த்துகிறது. ஒலி நெருங்கினால் கூட்டமே தாவி ஓடத் தொடங்குகிறது. ஆனால் ஓடுவதற்கு இடம் எங்கே? பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர்தான். அதைச் சுற்றிலும் நகரம். ஓடாமல் நிற்கும் விலங்கு அஞ்சவில்லை என்று முடிவு கட்டுவதும் பிழை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கருங்கரடிகளுக்கு இதயத்துடிப்புக் கருவி பொருத்தி நடத்தப்பட்ட ஆய்வு 2015இல் வெளிவந்தது. பெரும்பாலான கரடிகள் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. ஆனால் ட்ரோன் தலைக்கு மேலே வந்தபோது ஒரு தாய்க் கரடியின் துடிப்பு நிமிடத்துக்கு 41இலிருந்து 162ஆக எகிறியிருந்தது.

கேள்வி: கோடை விடுமுறைக்கு அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். மாப்பிள்ளை யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார். அங்கே ட்ரோனுக்குத் தடை இருக்காது அல்லவா? – வாசகர், நங்கநல்லூர்.

பதில்: அங்கே தடை நம் 2021 விதிகளுக்கும் முந்தியது. தேசியப் பூங்காக்களின் நிலத்திலிருந்து ட்ரோனை ஏவுவதையும், அங்கே இறக்குவதையும், அங்கிருந்தபடி இயக்குவதையும் 2014 ஜூன் மாதத்திலேயே தடுத்துவிட்டார்கள். சயான் பூங்காவில் காட்டுச் செம்மறிகளின் மந்தை ஒன்று ட்ரோனால் சிதறி, குட்டிகள் தாயைப் பிரிந்த நிகழ்வும் அதற்குக் காரணங்களில் ஒன்று. தடை வந்த இரண்டே மாதத்தில் யெல்லோஸ்டோனின் புகழ்பெற்ற வண்ண வெந்நீர் ஊற்றுக்குள் ஒரு சுற்றுலாப் பயணி ட்ரோனை விழவிட்டார். அதற்கு அவர் கட்ட நேர்ந்தது 3,200 டாலர். சட்டப்படி 5,000 டாலர் அபராதமும் ஆறு மாதச் சிறையும் வரை போகலாம். உங்கள் ட்ரோனை நங்கநல்லூர் அலமாரியிலேயே பூட்டி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். பெட்டியில் ஊறுகாய்க்கு இடம் கிடைக்கும்.

கேள்வி: அனுமதி உள்ள இடத்தில் பறக்கவிட்ட ட்ரோன், காற்றில் அடித்துச் செல்லப்பட்டுக் காட்டுக்குள் விழுந்துவிட்டால் என்ன செய்வது? – வாசகர், தாம்பரம்.

பதில்: சுவர் ஏறிக் குதிக்காதீர்கள், அனுமதியின்றி உள்ளே நுழைவது தனிக் குற்றம். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சென்று, எந்தப் பக்கத்தில், எத்தனை மணிக்கு விழுந்தது என்று எழுதிக் கொடுங்கள். ட்ரோனில் இருப்பது லித்தியம் மின்கலம். விழுந்த வேகத்தில் சேதமானால் தீப்பிடிக்கக்கூடியது. சித்திரை வெயிலில் காய்ந்த சருகின் மீது அது கிடக்கிறது என்பதால், திட்டு விழுமோ என்று தயங்கி மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.